சதங்கைக் காலைச் சந்திக்கு இழுத்தது யார்?

மாசி பிறந்துவிட்டால் கெங்கவல்லி வட்டாரத்தில் கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மாரியம்மன் பண்டிகை, தேர், தீமிதி என்று ஆடி முடிகிற வரையில் ஊருக்கு ஊர் திருவிழாதான். வீரகனூர்ப் பக்கம் போனாலும், தம்மம்பட்டிப் பக்கம் போனாலும், ஆத்தூர்ச் சாலையில் ஏறினாலும் சுவரெல்லாம் வண்ண வண்ணச் சுவரொட்டிகள். அவற்றில் பாதியில் ஒரே வாசகம்: "மாபெரும் ஆடல் பாடல் நிகழ்ச்சி!"

மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக் கை காய்த்துப் போனவனும், சேகோ ஆலையில் மாவுத் தூசியை மூச்சோடு இழுத்துக்கொண்டு நிற்பவனும், லாரியில் மூட்டை ஏற்றித் தோள் வீங்கியவனும் அன்று இரவு மேடைக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். உட்காரட்டும். உழைத்தவனுக்கு ஓர் இரவு களிப்பு வேண்டாம் என்று சொல்லும் உத்தமர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். ஆனால் விளக்கு அணைந்து, பந்தல் பிரித்து, மறுநாள் பொழுது விடிந்ததும் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்புகிறதே, அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம்.

"பார்த்தீர்களா, எவ்வளவு மோசமாக ஆடினாள்! பண்பாடு பாழாகிவிட்டது!" என்கிறார் ஒருவர். "இவர்களையெல்லாம் போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டும்!" என்கிறார் இன்னொருவர். இப்படிப் பேசுகிறவர்களில் முன்வரிசை நாற்காலியில் கடைசிப் பாட்டு வரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு!

பழி யார் தலையில்? அழைத்த விழாக் கமிட்டியின் தலையில் இல்லை. பேரம் பேசிய ஏஜெண்டின் தலையில் இல்லை. நோட்டை நீட்டியவன் தலையில் இல்லை. ஆடியவள் தலையில்!

நாம் கேட்கிறோம்: அவள் முதன்முதலாகக் காலில் சதங்கை கட்டியது இந்த ஆட்டத்துக்காகவா?

கற்ற கலை எங்கே போயிற்று?

கரகாட்டம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தலையில் வைத்த செம்பைக் கையால் தொடாமல், நையாண்டி மேளத்தின் தாளத்துக்கு அடி பிசகாமல் ஆட வேண்டும். நாதசுரமும் தவிலும் பம்பையும் விரைந்துகொண்டே போகும். கால் விரையலாம், தலை அசையக்கூடாது. ஏணியில் ஏறுவார்கள், தட்டின் விளிம்பில் நிற்பார்கள், முதுகை வில்லாக வளைத்துத் தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பார்கள். ஒரே நாளில் வருகிற வித்தையா இது? சிறு வயதிலேயே செம்பை வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் நடந்து நடந்து, கழுத்து நரம்பு புடைத்து, விழுந்து எழுந்து பழகியது.

அந்தப் பயிற்சி பெற்ற பெண்ணைத்தான் மேடையில் நிறுத்தி, "கரகம் போதும், சினிமாப் பாட்டுக்கு ஆடு" என்கிறார்கள். ஆடினால், "உடையைக் குறை" என்கிறார்கள். குறைத்தால், "கோமாளியோடு இரட்டை அர்த்தம் பேசு" என்கிறார்கள். பேசினால், "ஆபாசம்!" என்கிறார்கள். ஏணியில் ஏறக் கற்றவளை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிவிட்டு, கடைசிப் படியில் அவள் நிற்கும்போது, "ஏன் இங்கே நிற்கிறாய்?" என்று கேட்கிற நியாயம் எந்த ஊர் நியாயம்?

திருவிழா இல்லாத மாதங்களில் அவளுக்கு வேலை இல்லை. வேலை இருக்கிற மாதங்களிலோ, "அடுத்த செட்டு குறைந்த பணத்துக்கு வருகிறது, அவர்கள் எல்லா மாதிரியும் ஆடுகிறார்கள்" என்று ஏஜெண்ட் மிரட்டுகிறான். ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு இந்த மிரட்டல் புதிதல்லவே! "உனக்குக் கட்டாவிட்டால் போ, வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்கிறானே மேஸ்திரி, அதே குரல்தான் இது. அங்கே கூலி குறைகிறது; இங்கே துணி குறைகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: உழைப்பை விற்பவருக்குப் பேரம் பேசப் பலம் இல்லை.

சேலம் தந்த சான்று

நம் சேலத்துக்காரர் ஒருவரின் கதையையே எடுத்துக்கொள்வோம். சேலம் அரிசிப்பாளையத்தில் பிறந்தவர் ஏ. சகுந்தலா. நடனம் பயின்று, அந்நாளில் நாடெங்கும் புகழோடு விளங்கிய லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகளின் நடனக் குழுவில் ஆடியவர். முறையான பயிற்சி, முதல்தரமான மேடை. அங்கிருந்து திரைக்கு வந்தார்.

1935இல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸை நம் வாசகர்கள் அறிவார்கள். ஏற்காட்டுச் சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறது. அந்த நிறுவனம் 1970இல் எடுத்த 'சி.ஐ.டி. சங்கர்' படத்தில் ஜெய்சங்கருக்கு ஜோடியாக நடித்தார் சகுந்தலா. அந்தப் படத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 'சி.ஐ.டி.' சகுந்தலா ஆனார்.

கதாநாயகி ஆனவருக்குப் பிறகு திரையுலகம் கொடுத்தது என்ன? கவர்ச்சி ஆட்டமும் வில்லி வேடமும்! அவர் சளைக்கவில்லை. கொடுத்த வேடத்தைத் திறமையோடு செய்தார். நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தார். பிற்காலத்தில் சின்னத்திரையிலும் உழைத்தார். 2024 செப்டம்பர் 17இல் பெங்களூரில் காலமானார். அவர் கால்களில் இருந்த பயிற்சியைத் திரையுலகம் வாங்கிக்கொண்டது. அந்தப் பயிற்சிக்குரிய மேடையை அவருக்குக் கொடுத்ததா? கூட்டத்துக்கு வேண்டியது கிளப்பு ஆட்டம். கிளப்பு ஆட்டத்துக்கும் அடவு பிசகாத கால் வேண்டும். ஆகவே பயின்றவரைப் பிடித்து அங்கே நிறுத்தினார்கள். கணக்கு இவ்வளவுதான்.

வடக்கேயும் இதே கணக்கு. பத்மா கன்னா கதக் நடனத்தைச் சிறு வயதிலிருந்தே முறையாகக் கற்றவர். அவரை நாடறியச் செய்தது கதக் அல்ல. அதே 1970இல் வெளிவந்த 'ஜானி மேரா நாம்' படத்தின் காபரே ஆட்டம். பின்னாளில் அவர் அமெரிக்கா சென்று, கதக் கற்றுக் கொடுக்கப் பள்ளி வைத்தார். கலை அவரைவிட்டுப் போய்விடவில்லை, பார்த்தீர்களா? அதற்கு இடம் கொடுக்காதது வணிகம்தான்!

இன்னொரு பெயர் ஹெலன். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து உயிர் தப்பி நடந்தே வந்த குடும்பத்துக் குழந்தை. வீட்டு வறுமை அந்தச் சிறுமியைக் கூட்ட ஆட்டத்தில் ஒருத்தியாகப் படப்பிடிப்புக் கொட்டகைக்கு அனுப்பியது. பிறகு காபரே ராணி என்று பெயர் பெற்றார். 2009இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வழங்கட்டும், மகிழ்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: திரையில் ஆடியவருக்கு ராஷ்டிரபதி மாளிகையில் பதக்கம்; தெருவில் ஆடுகிறவளுக்குப் போலீஸ் நிலையத்தில் பெஞ்சு!

பெயரை மாற்றினார்கள், ஆளையும் மாற்றினார்கள்!

இந்த நாட்டில் ஆட்டத்துக்கு 'உயர்ந்தது', 'தாழ்ந்தது' என்று முத்திரை குத்தியவர்கள் யார் என்பதையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். கோயில்களிலும் அரண்மனைகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சதிராடிய பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் பொட்டுக் கட்டிப் பெரிய மனிதர்களின் போகப் பொருளாக்கிய கொடுமை ஒழிய வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் போராடினார். அந்தக் குலத்திலேயே வாழ்ந்து, அதன் துன்பத்தை அனுபவித்து, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலையும் எழுதி, ஊர் ஊராகச் சென்று முழங்கினார் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வந்தே தீர வேண்டிய சட்டம் அது. அதில் நமக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1932இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிருக்குப் 'பரதநாட்டியம்' என்று பெயர் சூட்டினார்கள். 1936இல் கலாக்ஷேத்திரா தோன்றியது. ஆட்டம் சபாக்களின் மேடை ஏறியது. ஆடிக்கொண்டிருந்த பெண்களில் பெரும்பாலோர் மேடையைவிட்டு இறங்கினார்கள். பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர் தம் மேதையால் நிலைத்தார்கள். மற்றவர்கள்? சிலர் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் சினிமாவுக்குப் போனார்கள். பலர் பெயர் தெரியாமல் மறைந்தார்கள். கொடுமையிலிருந்து அவர்களை மீட்ட சமூகம், அவர்கள் கற்ற கலையைக் கொண்டு மானத்தோடு பிழைக்க ஒரு வழியையும் சேர்த்துத் தந்திருக்க வேண்டும். தந்ததா? அந்தப் பாக்கி தீர்ந்ததா? தீரவில்லை என்பதைத்தான் ஒவ்வொரு திருவிழா மேடையும் நமக்கு நினைவூட்டுகிறது.

தடை என்னும் சவுக்கு யாருக்கு?

"தடை போட்டுவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள் சிலர். மராட்டியத்தில் போட்டுப் பார்த்தார்களே! 2005இல் மதுக்கூடங்களில் நடனம் ஆடக்கூடாது என்று அந்த அரசு சட்டம் செய்தது. ஏறத்தாழ 75,000 பெண்கள் பிழைப்பை இழந்ததாக அந்நாளில் பேசப்பட்டது. சட்டத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள்: மூன்று நட்சத்திர ஓட்டலுக்கும் அதற்கு மேற்பட்ட ஓட்டலுக்கும் விலக்கு! அதாவது, பணக்காரன் பார்த்தால் அது கேளிக்கை. பாட்டாளி பார்த்தால் அது கேடு! 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. 2013இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பின்னும் அரசு 2016இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து நிபந்தனைகளை அடுக்கியது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவற்றில் பலவற்றைத் தள்ளிவிட்டது. ஆடுகிறவர் மீது நோட்டை வாரி இறைக்கக்கூடாது என்பதையும், எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்பதையும், கூலி வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டது.

பாடம் என்ன? பதினான்கு ஆண்டு வழக்குக்குப் பிறகு மிஞ்சிய நல்லது எது? தடை அல்ல, ஒப்பந்தமும் கூலியும்தான்!

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடம். மேல்நாட்டில் 'பர்லெஸ்க்' என்று ஓர் ஆட்டம் உண்டு. தொடக்கத்தில் அது பெரிய மனிதர்களையும் பெரிய நாடகங்களையும் கேலி செய்யும் பகடிக் கூத்து. 1868இல் லிடியா தாம்சன் என்ற பெண்மணி தம் குழுவோடு இங்கிலாந்திலிருந்து நியூயார்க் சென்று அதை நடத்தினார். நம் கூத்தில் கட்டியங்காரன் அரசனையே கிண்டல் செய்கிறானே, அதைப் போல. நாளாக நாளாகக் கொட்டகை முதலாளிகள் பகடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பெண்ணின் ஆடையைக் கழற்றுவதையே வியாபாரமாக்கினார்கள். ஆனால் அந்தப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை, சங்கம் கட்டினார்கள், 1935இல் நியூயார்க்கில் வேலைநிறுத்தமும் செய்தார்கள்! இரண்டே ஆண்டில், 1937இல், நகர மேயர் லா கார்டியாவின் ஆட்சி ஒழுக்கத்தின் பெயரால் அந்தக் கொட்டகைகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கொட்டகை முதலாளிக்கு வேறு தொழில் கிடைத்திருக்கும். தெருவில் நின்றவர்கள் ஆடியவர்களும், திரை இழுத்தவர்களும், வாத்தியம் வாசித்தவர்களும்தான்.

சரி, விரும்பியே இத்தகைய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கலாம். மேல்நாட்டில் முறையான நடனம் கற்றுவிட்டு, "என் உடல், என் ஆட்டம், என் பகடி" என்று சொல்லி மேடையேறும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். வயது வந்த பெண் தானே முடிவு செய்து ஆடினால் அதைத் தடுக்க நாம் யார்? நாம் கேட்பது வேறு. முடிவு செய்யும் உரிமை அவளிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "இந்தப் பாட்டுக்கு ஆடமாட்டேன்" என்று சொன்ன பிறகும் அன்றைய கூலி அவள் கைக்கு வருமானால், அவள் ஆடுவது அவள் விருப்பம். வராது என்றால், அது விருப்பமல்ல, நிர்ப்பந்தம். பசியின் வாயிலிருந்து வரும் 'சரி'யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது முதலாளியின் பழைய தந்திரம்.

நம் நாட்டு நிலை

2023இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரு சமூகத்தின் பெயரை மேடையில் ஏறி இழிவு செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே அது சரியான முடிவு. ஆனால் அந்த ஆட்டத்தையே நம்பி வேடம் கட்டிய ஏழைக் கலைஞர்களுக்கு அடுத்த வேளைக்கு வழி என்ன என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் பொறுப்புள்ளவர்களின் கடமை.

ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது நிபந்தனைகள் போடுகிறார்கள். ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டுக் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டுக் கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எழுதட்டும். அதே காகிதத்தில், ஆடும் பெண்ணுக்குக் கூலி எவ்வளவு, உடை மாற்ற மறைவான இடம் எங்கே, இரவு இரண்டு மணிக்கு ஊர் திரும்ப வண்டி உண்டா என்று மூன்று வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

சட்டம் இல்லாமலும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டம் அமைப்புசாராத் தொழிலுக்கும் பொருந்தும். வேலைக்காகப் போகும் இடமும், வேலை தருபவர் ஏற்றிச் செல்லும் வண்டியும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் வேலைத்தலம்தான். மேடையும் வேலைத்தலம், வேனும் வேலைத்தலம்! புகார் வாங்க மாவட்டந்தோறும் குழு அமைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று தமிழகத்தில் நல வாரியமும் அமைந்தது. பதிவு செய்த கலைஞருக்கு விபத்து, படிப்பு, திருமணம், ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. வாரியம் இருக்கிறது, அட்டை எத்தனை பேர் கையில் இருக்கிறது? விண்ணப்பம் எழுதத் தெரியாதவளுக்கு எழுதிக் கொடுப்பது யார்?

தோழர்களே, இங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது!

உங்களில் பலர் ஊரில் விழாக் கமிட்டியில் இருக்கிறீர்கள். வசூல் நோட்டு உங்கள் கையில் இருக்கிறது. கூட்டத்தில் பெண்ணுரிமை பேசிவிட்டு, திருவிழாவில், "அந்த செட்டைக் கொண்டு வா, அதுதான் சூடாக இருக்கும்" என்று நம்மவர் ஒருவர் சொன்னால், அவர் பேசிய பேச்சுக்கெல்லாம் என்ன மதிப்பு? ஆகவே சொல்கிறோம். ஆட்டம் வைப்பதென்றால் மானத்தோடு வையுங்கள். கரகத்தையும் தப்பையும் கூத்தையும் முதலில் மேடையேற்றுங்கள். கற்ற வித்தையைக் காட்ட அவர்களுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். பணத்தை ஏஜெண்டிடம் மட்டும் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். ஆடுகிறவருக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். உடை மாற்ற ஓர் அறை, குடிக்கத் தண்ணீர், பாதுகாப்பாக ஊர் திரும்ப ஒரு வண்டி, இவை தருமம் அல்ல, கடமை. மேடையில் ஏறி நோட்டைக் குத்த வருகிறவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் கையைப் பிடித்து இறக்குங்கள். வட்டத்தில் இருக்கும் கலைஞர்களைக் கணக்கெடுத்து வாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். மதுரையில் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் நெடுங்காலமாகச் சங்கம் வைத்து நடத்துகிறார்கள். ஆத்தூரிலும் கெங்கவல்லியிலும் ஆடுகிறவர்களுக்கு அது முடியாதா? பீடித் தொழிலாளிக்கும் நெசவாளிக்கும் சங்கம் கட்டத் தெரிந்த நமக்கு இது மட்டும் தெரியாமல் போய்விடுமா?

பார்க்க வரும் பாட்டாளித் தோழனுக்கும் ஒரு வார்த்தை. நீ பகலெல்லாம் வியர்வை சிந்துகிறாய்; அவள் இரவெல்லாம் சிந்துகிறாள். உன் கூலியில் மேஸ்திரி எடுப்பதைப் போல அவள் கூலியில் ஏஜெண்ட் எடுக்கிறான். உன்னை 'கூலிக்காரப் பயல்' என்று ஒருவன் அழைத்தால் உனக்குக் கோபம் வருகிறதே, அவளைப் பார்த்து நீ விசில் அடித்துச் சொல்லும் சொல் அதைவிட நல்ல சொல்லா? கைதட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கற்ற வித்தைக்குக் கைதட்டு!

சதங்கை கட்டிய காலைச் சந்திக்கு இழுத்தது அவள் ஆசை அல்ல. ஏஜெண்டின் பேரமும், கமிட்டியின் கஞ்சத்தனமும், வேலையில்லாத மாதங்களின் பசியும் சேர்ந்து இழுத்தன. இழுத்த கைகளை விட்டுவிட்டு இழுபட்ட காலில் விலங்கு மாட்டுவது நீதியாகாது. வரும் பண்டிகைக்கு வசூல் நோட்டைத் திறக்கும்போது, முதல் பக்கத்தில் பந்தல் செலவை எழுதுவதற்கு முன்னால், ஆடுகிறவரின் கூலியை எழுதுங்கள். அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கட்டும் மாற்றம்!